கண்ணால் கற்ற ஆங்கிலத்தைக் காதுக்குக் கொண்டுபோவது எப்படி?

கேள்வி: எனக்கு 36 வயது. பள்ளியிலும் கல்லூரியிலும் ஆங்கிலத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். இப்போது அலுவலகத்தில் பல நாட்டு வாடிக்கையாளர்களிடம் தொலைபேசியில் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கிறது. நான் சொல்வதை அவர்கள் இரண்டு முறை, மூன்று முறை திரும்பக் கேட்கிறார்கள். தினமும் பத்துச் சொற்களை மனப்பாடம் செய்கிறேன். ஒரு வாரத்தில் பாதி மறந்துவிடுகிறது. இலக்கணப் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்து வருகிறேன். சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய மூன்றில் எதை முதலில் சரிசெய்ய வேண்டும்? இந்த வயதுக்கு மேல் இது வருமா? மின்னஞ்சலை வாசித்தால் எல்லாம் புரிகிறது. அதையே ஒருவர் பேசினால் பாதிதான் புரிகிறது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கேட்ட கேள்விகளுக்கான விடை, கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதிய வரியில் இருக்கிறது. வாசித்தால் புரிகிற வாக்கியம் கேட்டால் புரியவில்லை என்றால், உங்களிடம் சொற்களும் இருக்கின்றன, இலக்கணமும் இருக்கிறது. அவை எழுத்து வடிவில் மட்டும் சேமிக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் வகுப்புகளுக்கு வருகிற பெரியவர்களில் பெரும்பாலோர் இதே நிலையில்தான் வருகிறார்கள். ஆகவே உச்சரிப்பிலிருந்து தொடங்குங்கள் என்பது என் ஆலோசனை. ஆனால் சொல்லையும் இலக்கணத்தையும் அதற்காக ஒத்திவைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கண்ணால் கற்ற அந்த இரண்டையும் இப்போது காதால் மறுபடி கற்கப்போகிறீர்கள்.

தமிழின் சுருட்டு ஆங்கிலத்துக்குப் போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகின்றன. அங்கே அதன் பெயர் ஷரூட். மூன்று உயிரொலிகளையும் நாம் தெளிவாகச் சொல்கிற ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு, முதல் உயிரை மங்கவைத்து, நடுவில் இருப்பதை நீட்டி அழுத்தி, கடைசி உகரத்தை அவர்கள் வெட்டிவிட்டார்கள். கட்டுமரத்துக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது: முதல் அசையில் அழுத்தம் விழுந்து, அடுத்து வந்த டுகரமும் மகரமும் அடையாளம் தெரியாமல் மங்கின. ஆங்கிலக் காது எதை எதிர்பார்க்கிறது என்பதை இந்த இரண்டு சொற்களும் காட்டிவிடுகின்றன. ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசை ஓங்கி ஒலிக்க வேண்டும், மற்றவை அடங்க வேண்டும். நாமோ அவர்களுடைய சொற்களை நேர்மாறாக நடத்துகிறோம். எல்லா அசைகளுக்கும் சமமான இடம் கொடுக்கிறோம். வல்லெழுத்தில் முடிகிற சொல்லுக்குப் பின்னால் ஓர் உகரத்தைச் சேர்த்து பஸ்ஸு, கப்பு என்கிறோம். தமிழ்ச்சொல் க், ச், ட், த், ப், ற் என்ற மெய்களில் முடிவதில்லை என்ற நம் மொழியின் இயல்பு நாவிலேயே ஊறியிருப்பதால் இது நடக்கிறது. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எங்கே நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

ஹோட்டல் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நாம் முதல் அசையில் ஊன்றுகிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவது அசையில் விழுகிறது, ஹடெல் என்பதற்கு நெருக்கமாக. போலீஸ் என்பதில் முதல் ஓகாரம் முழுசாக ஒலிப்பதே இல்லை. பலீஸ் என்றுதான் கேட்கும். வெஜிடேபிள் என்று நாம் நான்கு அசையாகச் சொல்வது அவர்கள் வாயில் வெஜ்டபிள் என்று மூன்றாகச் சுருங்கி, முதல் அசை மட்டும் ஓங்குகிறது. தவறான அசையை அழுத்திவிட்டால், மற்ற ஒலிகள் எல்லாம் சரியாக இருந்தாலும் கேட்பவர் வேறொரு சொல்லைத் தேட ஆரம்பித்துவிடுவார். உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்பதற்கு இதுவே முதற்காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். எண்களைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். பதின்மூன்றைக் குறிக்கும் தர்ட்டீன், முப்பதைக் குறிக்கும் தர்ட்டி ஆகிய இரண்டில், முன்னதில் கடைசி அசை நீண்டு அழுந்துகிறது, பின்னதில் முதல் அசை அழுந்துகிறது. தொலைபேசியில் தொகையோ தேதியோ சொல்கிறவருக்கு இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

மங்கிய உயிரொலி, ஆங்கிலத்தில் எல்லா உயிரொலிகளையும்விட அதிகமாக வருவது. ஒலியியலில் அதற்கு ஷ்வா என்று பெயர். தமிழருக்கு அது வராது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பத்து, காசு என்று இயல்பாகச் சொல்லிப் பாருங்கள். கடைசி உகரத்தில் உதடு குவிவதில்லை. ஒலி பாதியில் நின்றுவிடுகிறது. குற்றியலுகரம் என்று பெயரிட்டு, அரை மாத்திரை என்று அளவும் சொல்லி நம் இலக்கணம் அதைப் பதிவுசெய்திருக்கிறது. உயிரைக் குறுக்கி ஒலிப்பது எப்படி என்று உங்கள் வாய்க்கு ஏற்கெனவே தெரியும். தமிழில் சொல்லின் கடைசியில் செய்வதை, ஆங்கிலத்தில் அழுத்தமில்லாத எந்த அசையிலும் செய்யப் பழக வேண்டும், அவ்வளவுதான்.

பேச்சு புரியாமல் போவதற்கும் இதே குறுக்கம்தான் காரணம். டு, ஆஃப், ஃபார், ஃப்ரம், ஆர், கேன் போன்ற சின்னச் சொற்கள் வாக்கியத்துக்குள் வரும்போது தங்கள் முழு வடிவத்தை இழந்துவிடுகின்றன. வாட் ஆர் யூ கோயிங் டு டூ என்று ஆறு சொற்களாக நீங்கள் எதிர்பார்க்கும் வாக்கியம், உங்கள் காதை அடையும்போது வாடயூ கோயிங்டடூ என்று ஒட்டிக்கொண்டு வருகிறது. அவர்கள் வேகமாகப் பேசுகிறார்கள் என்று நினைக்கிறோம். உண்மையில் அழுத்தமில்லாத சொற்களை அமுக்கிவிட்டு, பொருள் தாங்கும் சொற்களுக்கு மட்டும் நேரம் கொடுக்கிறார்கள். முடியும் என்று சொல்ல வரும் கேன், ஐ கன் கோ என்பதுபோல் மங்கிவிடும். முடியாது என்று சொல்லும்போது மட்டும் அந்தச் சொல் முழு உயிரோடு ஒலிக்கும். முடியும் என்று சொல்ல வந்து கேனை அழுத்திவிட்டால், முடியாது என்று அவர் புரிந்துகொள்ளவும் வாய்ப்பிருக்கிறது.

அழுத்தத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. நேற்றுத்தான் சொன்னேன், இப்போதே அனுப்புகிறேன் என்று தமிழில் தானும் ஏகாரமும் செய்வதை, ஆங்கிலத்தில் குரலின் அழுத்தம் செய்கிறது. இது தெரியாததால், எஸ்டர்டே ஒன்லி, நவ் இட்செல்ஃப் என்று தானுக்கும் ஏகாரத்துக்கும் சொல் தேடி ஒட்டுகிறோம். ஒன்லியையும் இட்செல்ஃபையும் எடுத்துவிட்டு, எஸ்டர்டே என்ற சொல்லை மட்டும் ஓங்கிச் சொல்லுங்கள். நேற்றுத்தான் என்பது தானாக வந்துவிடும்.

இனித் தனி ஒலிகள். எல்லாவற்றையும் திருத்த வேண்டியதில்லை. மூட்டை கட்டு, திரும்ப, பை என்ற மூன்று பொருளுக்கும் ஆங்கிலத்தில் மூன்று வெவ்வேறு சொற்கள் உண்டு. தமிழ் எழுத்தில் எழுதினால் மூன்றும் பேக்தான். முதல் சொல்லின் பகரத்தில் ஒரு காற்று வெளியே தள்ளப்பட வேண்டும். உதட்டுக்கு முன்னால் மெல்லிய தாளைப் பிடித்துக்கொண்டு சொன்னால் தாள் அசைய வேண்டும். நம் இயல்பான பகரத்தில் அசையாது, அதனால் கேட்பவருக்கு அது இரண்டாவது சொல்லாகப் படுகிறது. சொல்லின் தொடக்கத்தில் வரும் டகரத்துக்கும் ககரத்துக்கும் இதே காற்று வேண்டும். பை என்ற பொருள் தரும் மூன்றாவது சொல்லில், கடைசி மெய் மென்மையாக ஒலிப்பதோடு, அதற்கு முன்னால் உள்ள உயிரும் சற்று நீள்கிறது. இந்த நீட்சியைக் கொண்டுதான் ஆங்கிலக் காது பெரும்பாலும் இரண்டையும் பிரிக்கிறது. இதனாலேயே, உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் அச்சிட்டுத் தரும் புத்தகங்களை நம்பியிருக்க வேண்டாம் என்று சொல்கிறேன். இந்தப் பதிலில் நான் தமிழில் எழுதிக்காட்டும் சொற்களையும் ஒருமுறை அகராதியின் ஒலிப்பதிவில் கேட்டுவிடுங்கள்.

நம் வகரம், ஆங்கிலத்தின் இரண்டு ஒலிகளுக்கு இடையில் நிற்கிறது. மேற்குத் திசையைச் சொல்லும் வெஸ்டில் உதடுகள் குவிந்து விரிய வேண்டும், பல் எங்கும் படக்கூடாது. உள்ளாடையைக் குறிக்கும் வெஸ்டில் மேல்பல் கீழுதட்டை மெல்லத் தொட வேண்டும். ஜீரோ என்று நாம் சொல்வதன் முதல் ஒலி ஜகரமும் இல்லை, ஸகரமும் இல்லை. தொண்டையில் விரலை வைத்து ஸ்ஸ்ஸ் என்று நீட்டி, அப்படியே குரலைச் சேர்த்து விரலில் அதிர்வு தெரியும்வரை கொண்டுபோனால் அந்த ஒலி பிறந்துவிடும். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் யகரத்தையும் ஒகரத்துக்கு முன்னால் வகரத்தையும் சேர்க்கும் பழக்கத்தையும் கவனியுங்கள். யெம், வொன்லி என்று நம்மை அறியாமலே சொல்லிவிடுகிறோம்.

பல்லுக்கிடையில் நாவை வைத்துச் சொல்ல வேண்டிய தகர ஒலிகளைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் பல்லொலித் தகரத்தையே பயன்படுத்தினாலும் எவருக்கும் புரிகிறது. வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் தங்களுக்குள் ஆங்கிலம் பேசும்போது எது புரிதலைக் கெடுக்கிறது என்று ஆராய்ந்த ஜெனிஃபர் ஜென்கின்ஸ், 2000ஆம் ஆண்டில் முன்வைத்த அடிப்படைப் பட்டியலில் இந்தத் தகர ஒலிகளைச் சேர்க்கவில்லை. பகர, டகர, ககரங்களின் காற்றையும் உயிரின் நீளத்தையும் சேர்த்தார். சொல்லழுத்தத்தை அவர் கட்டாயமாக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். அதில் மட்டும் நான் அவரோடு வேறுபடுகிறேன். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமும் நீங்கள் பேச வேண்டியிருக்கும், அவர்கள் அழுத்தத்தை வைத்தே சொல்லை அடையாளம் காண்கிறார்கள். மற்றபடி, இங்கிலாந்துக்காரரைப் போலவோ அமெரிக்கரைப் போலவோ ஒலிக்க முயல வேண்டாம். தமிழ் வாசனையோடு தெளிவாகப் பேசப்படும் ஆங்கிலம் நல்ல ஆங்கிலம்தான்.

எழுத்தைப் பார்த்து உச்சரிக்க முயல்வதில் ஏன் இவ்வளவு சிக்கல் என்று பலர் சலித்துக்கொள்கிறார்கள். 26 எழுத்துகள், பிரித்தானியப் பொது உச்சரிப்பில் ஏறக்குறைய 44 ஒலிகள். வில்லியம் காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்தில் அச்சகம் தொடங்கியபின் எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்துபோனது. பேச்சோ மாறிக்கொண்டே போனது. கத்தி என்று பொருள்படும் நைஃபின் முதலில் நிற்கும் கே ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டது. கடன் என்று பொருள்படும் டெட்டின் நடுவில் இருக்கும் பி என்ற எழுத்தோ, இலத்தீன் மூலத்தை நினைவூட்டக் கற்றவர்கள் பின்னால் நுழைத்தது. ஆங்கிலத்தில் எவரும் அதை உச்சரித்ததே இல்லை. பம்பரம் என்ற சொல்லில் ஒரே பகரம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக ஒலிக்கிறதே, அதை எந்த விதியும் படிக்காமல் காதால்தான் கற்றோம். ஆங்கிலத்துக்கும் அதே வழிதான். புதிய சொல்லைப் பார்த்தவுடன் வாசிக்காமல், முதலில் கேளுங்கள். நல்ல அகராதிகளில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சின்ன செங்குத்துக் கோடு இருக்கும். வேறு குறிகள் எதுவும் புரியாவிட்டாலும் அந்தக் கோட்டை மட்டும் பார்த்துப் பழகுங்கள்.

இலக்கணப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன். விதிகள் உங்களுக்குத் தெரியும். பேசுகிற வேகத்தில் அவை கைக்கு வருவதில்லை. அந்த நேரத்தில் உங்களுக்குத் துணையாக இருக்கக்கூடியது உங்கள் தமிழறிவுதான். டிட் நாட் வென்ட் என்று வாய் தவறுகிறவர்களுக்கு நான் எப்போதும் போகவில்லை என்ற சொல்லைக் காட்டுவேன். நாம் போனேனில்லை என்று சொல்வதில்லை. போக என்று காலம் காட்டாத எச்சத்தை வைத்து, இல்லை என்பதைச் சேர்க்கிறோம். டிட் நாட் கோ என்பதில் உள்ள கோவும் நம் போகவைப் போலக் காலம் காட்டாத வடிவம்தான். அதேபோல், புத்தகம் வாங்கினேன் என்பதற்கும் புத்தகத்தை வாங்கினேன் என்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நன்றாகத் தெரியும்: முன்னது ஏதோ ஒரு புத்தகம், பின்னது நீங்களும் நானும் அறிந்த புத்தகம். இந்த இரண்டாம் வேற்றுமை ஐகாரம் செய்யும் வேலையில் பெரும்பகுதியை த என்ற சுட்டு ஆங்கிலத்தில் செய்கிறது. எல்லா இடத்துக்கும் இந்த ஒப்புமை பொருந்தாது என்றாலும், தடுமாறும் இடங்களில் பாதியைக் கடக்க உதவும். உயிருக்கு முன் ஓர், மெய்க்கு முன் ஒரு என்று எழுதப் பழகிய நமக்கு அவர்களுடைய அ, அன் வேறுபாடும் புதிதில்லை. ஆனால் அங்கே எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்க வேண்டும்: மணிநேரத்தைக் குறிக்கும் சொல் எச் என்ற எழுத்தில் தொடங்கினாலும் ஒலி உயிர் என்பதால் அன் அவர், யூனிவர்சிட்டி உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி யகரம் என்பதால் அ யூனிவர்சிட்டி.

தமிழ் நம்மைத் தவறான பக்கம் இழுக்கிற இடங்களும் உண்டு. ஐந்து வருஷமாக இங்கே வேலை செய்கிறேன் என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதால், ஐ ஆம் வர்க்கிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ் என்று வந்துவிடுகிறது. அவர்கள் ஐ ஹேவ் பீன் வர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ் என்பார்கள்; கால அளவுக்கு ஃபார், தொடங்கிய புள்ளிக்கு மட்டும் சின்ஸ். இதைப் பற்றி விவாதிப்போம் என்பதில் உள்ள பற்றி, டிஸ்கஸ் என்ற சொல்லுக்குள்ளேயே அடங்கியிருப்பதால் அதன் பின் அபவுட் வேண்டியதில்லை. இல்லையா என்ற ஒரே சொல்லால் நாம் எல்லா வாக்கியத்தையும் கேள்வியாக முடிப்பதுபோல, இஸின்ட் இட் என்பதை எல்லா இடத்திலும் ஒட்ட முடியாது. முன்னால் வந்த வினைக்கும் எழுவாய்க்கும் ஏற்ப அது மாறும். இவை ஒவ்வொன்றையும் விதியாக எழுதி வைக்காமல், உங்கள் வேலைக்கு உண்மையாகத் தேவைப்படும் ஒரு வாக்கியமாக அமைத்து, நாக்கு இடறாமல் வரும்வரை இருபது முறை வாய்விட்டுச் சொல்லுங்கள்.

இலக்கணமும் உச்சரிப்பும் சேரும் ஓர் இடத்தைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். கடந்தகாலம் காட்ட வினையின் பின்னால் வரும் இ, டி என்ற இரண்டு எழுத்துகள், டகர ஒலியில் முடியும் வினைகளுக்குப் பின்னால் மட்டுமே தனி அசையாக ஒலிக்கும்: வான்டட், நீடட் என்பவைபோல. மற்ற வினைகளில் அவை வெறும் மெய்யாக ஒட்டிக்கொள்ளும். நடந்தேன் என்பதற்கு வாக்கெட் என்று சொல்லக்கூடாது, வாக்ட் என்று ஒரே அசைதான். அந்த மெல்லிய மெய்யை விழுங்கிவிட்டால் நேற்று நடந்தது இன்று நடப்பதாக மாறிவிடும்.

சொல்வளத்தில் உங்களுக்குக் குறை இருப்பதாக நான் நினைக்கவில்லை. எழுதப்படும் ஆங்கிலத்தில் ஏறக்குறைய பாதி இடத்தை, மிக அதிகமாகப் புழங்கும் 100 சொற்களே நிரப்பிவிடுகின்றன. மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பொதுப்பயன்பாட்டுச் சொற்பட்டியலில் இருப்பவை 2,000 அளவிலான சொற்கள்தான். அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் கெட், டேக், புட், லுக் போன்றவை எத்தனை சொற்களோடு சேர்ந்து எத்தனை பொருள் தருகின்றன என்பது தெரியாமல் இருக்கலாம். லுக் ஆஃப்டர் என்றால் பார்த்துக்கொள்வது, லுக் ஃபார் என்றால் தேடுவது, லுக் இன்டு என்றால் விசாரிப்பது. அன்றாடப் பேச்சு இவற்றால்தான் நடக்கிறது. தினமும் பத்து அரிய சொற்களை விட்டுவிட்டு, இப்படிப்பட்ட மூன்று சேர்க்கைகளை முழு வாக்கியத்தோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

மறதி உங்கள் குறை இல்லை. ஹெர்மன் எப்பிங்ஹவுஸ் 1885இல் தன் நினைவையே சோதித்து வெளியிட்ட ஆய்வு, கற்றதில் பெரும்பகுதி முதல் சில மணி, சில நாள்களிலேயே நழுவுகிறது என்றும், இடைவெளி விட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்றும் காட்டியது. மறுநாள், மூன்றாம் நாள், ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து என்று அதே வாக்கியத்துக்குத் திரும்பி வாருங்கள். திரும்பும்போது வாசிக்காதீர்கள், தமிழ்ப் பொருளைப் பார்த்து ஆங்கில வாக்கியத்தை வாயால் வரவழையுங்கள்.

தமிழில் நாம் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களிடம் மட்டும் சற்று எச்சரிக்கை தேவை. அவை இங்கே வந்து வேறு பொருளில் குடியேறிவிட்டன. ஐ ஹேவ் அ டவுட் என்றால் ஒரு கேள்வி கேட்கப்போகிறீர்கள் என்று நமக்குப் புரியும். பிற நாட்டவருக்கோ நீங்கள் சொன்னதை நம்பவில்லை என்பதுபோல் படலாம். படித்து முடித்ததை பாஸ்ட் அவுட் என்றால், பல நாடுகளில் மயங்கி விழுந்ததாகவே எடுத்துக்கொள்வார்கள்.

வயதைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குழந்தைகளுக்கு வருவதுபோன்ற தாய்மொழிக்காரரின் உச்சரிப்பு இனி வருவது கடினம். தெளிவாகப் புரியும் உச்சரிப்பு எந்த வயதிலும் வரும். ஆங்கிலத்திலேயே சிந்தியுங்கள் என்று யாராவது சொன்னால் அதைப் பொருட்படுத்த வேண்டாம். கட்டளையிட்டு அதைச் செய்ய முடியாது. போதிய வாக்கியங்கள் வாயில் தயாராக இருக்கும் நாளில் அது தானாக நடக்கும்.

தினமும் இருபது நிமிடம் ஒதுக்குங்கள். எழுத்து வடிவமும் கிடைக்கிற ஓர் உரையாடலில் ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, முதலில் எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை கேளுங்கள். பிறகு எழுத்தோடு ஒப்பிட்டு, எந்தச் சொற்கள் காதில் விழவே இல்லை என்று கோடிடுங்கள். பெரும்பாலும் அவை மங்கிய சின்னச் சொற்களாக இருக்கும். அடுத்து, பேசுபவருக்கு ஒரு நொடி பின்னால், அதே ஏற்ற இறக்கத்தோடு கூடவே சொல்லிக்கொண்டு போங்கள். கடைசியாக உங்கள் குரலைப் பதிவுசெய்து மூலத்தோடு வைத்துக் கேளுங்கள். முதல் வாரம் உங்கள் குரலைக் கேட்கக் கூச்சமாக இருக்கும். தயவுசெய்து அதற்காக நிறுத்திவிடாதீர்கள். ஒரே பகுதியை ஒரு வாரம் வைத்துக்கொண்டால் போதும், தினம் புதிதாகத் தேட வேண்டாம்.

நாளைக்கே தொலைபேசியில் ஒருவர் திரும்பக் கேட்டால் என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதற்றத்தில் நாம் அதே வாக்கியத்தை இன்னும் வேகமாகவும் உரக்கவும் சொல்கிறோம். அப்போது எல்லா அசைகளும் மறுபடி சமமாகிவிடுகின்றன. அதற்குப் பதிலாக ஒரு மூச்சு விட்டு, அந்த வாக்கியத்தில் முக்கியமான ஒரே சொல்லை மட்டும் தேர்ந்தெடுத்து, அதன் அழுத்த அசையை நீட்டி நிதானமாகச் சொல்லுங்கள். முப்பது என்பது விளங்கவில்லை என்றால் தர்ட்டி, த்ரீ ஸீரோ என்று இலக்கமாகவும் பிரித்துச் சொல்லுங்கள். எந்தச் சொல்லை நீங்கள் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது என்பதை அழைப்பு முடிந்தவுடன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் சேரும் அந்தப் பட்டியலை எனக்கு அனுப்பினால், அதில் எந்த ஒலியில் தொடங்குவது என்று அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.